லுக்குட்டின் முன்பனிக்காலம்: மலையும் பள்ளத்தாக்கும் சொல்லும் வானிலை

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தார்கள் நம் முன்னோர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்தக் கணக்கு தமிழகத்து மண்ணையும் மழையையும் பார்த்து வகுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டரைப் பாகை வடக்கே, மலாக்கா நீரிணையை ஒட்டி இருக்கும் நம் லுக்குட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? "இங்கே இருப்பது இரண்டே பருவம். ஒன்று வெயில், இன்னொன்று மழை" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்கழி விடியலில் லயத்து வாசலில் கோலம் போடும்போது கை சில்லிட்டதையும், பால் மரக்காட்டுக்குள் முன்னே போகிறவரின் விளக்கு வெளிச்சம் பனிமூட்டத்தில் மங்கித் தெரிந்ததையும் சொல்வார்கள். மெல்லியதானாலும் நமக்கும் ஒரு முன்பனிக்காலம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, மலையிலும் பள்ளத்தாக்கிலும் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கிறது, வரப்போகும் பருவம் எப்படி இருக்கும் என்பதை எவ்வாறு அறிவது என்பவற்றை மலர்க்குழுவினர் என்னை எழுதச் சொன்னார்கள்.

இதற்கு எனக்குள்ள தகுதி சிறியதே. இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணியாக நெடுங்காலம் வேலை பார்த்தேன். அலுவலகத்தின் முன்னால் புல்தரையில் ஒரு மழைமானி இருக்கும். தினமும் காலையில் அதிலுள்ள நீரை அளந்து மழைப் புத்தகத்தில் பதிய வேண்டியது என் பொறுப்பு. தொடக்கத்தில் அங்குலக் கணக்கு. பின்னர் மில்லிமீட்டர் வந்தது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வீட்டு வாசலில் இன்றும் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்; ஆலயத்திற்கு வருகிறவர்களோ, "கிராணி ஐயா, உபயத்தன்று மழை வருமா?" என்று கேட்கிறார்கள்.

வாடைக்காற்று வரும் வழி

தமிழில் வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதற்குக் கொண்டல் என்றும் பெயர். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் வடகிழக்குப் பருவக்காற்று. நம் நாட்டில் அது வழக்கமாக நவம்பர் முற்பாதியில் தொடங்கி மார்ச்சு வரை வீசுகிறது.

அதன் பிறப்பிடம் சைபீரியா. அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்துபோக, அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, தரையோடு அமுங்கிக் கிடக்கும். இந்தக் கனத்த காற்றுத் திரள் அவ்வப்போது கரை உடைத்த ஏரிபோலத் தெற்கு நோக்கிப் பாய்கிறது. சீனாவைக் கடந்து தென்சீனக் கடலுக்கு வந்ததும், வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. புறப்படும்போது உறையவைக்கும் குளிராக இருந்த காற்று, நம் கிழக்குக் கரைக்கு வரும்போது குளிரை இழந்து ஈரத்தைச் சுமந்து நிற்கிறது. இப்படிப்பட்ட குளிர்காற்றுப் பாய்ச்சல் ஒரு பருவத்தில் பல முறை வரும். அவற்றுள் நான்கைந்தாவது கிழக்குக் கரையில் பெருமழையாக முடியும். ஹாங்காங்கில் திடீரென்று குளிர் கூடிவிட்டது என்று செய்தி வந்தால் அடுத்த இரண்டொரு நாளில் கிளந்தான், திரங்கானுப் பக்கம் மழை வலுக்க வாய்ப்பு உண்டு. வானிலை ஆய்வாளர்களும் இந்தக் குறிப்பைக் கவனிக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று. இதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் வங்காள விரிகுடாவைக் கடந்து ஐப்பசி, கார்த்திகையில் தமிழகத்துக்கும் மழை தருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் பெய்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி இங்கு வந்தபோது ஊர், மொழி, மரம், மண் எல்லாம் புதிதாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசியில் அடைமழையும் மார்கழியில் பனியும் மாசியில் வறட்சியும் அவர்களுக்குப் பழகிய வரிசையிலேயே வந்தன. நாள்காட்டி பொருந்தியது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி மட்டும் பால்மரக் காட்டில் பயனற்றுப் போயிற்று.

மலை என்னும் மதில்

வாடைக்காற்று கிழக்கிலிருந்து வருகிறது என்றேன். நாமோ மேற்குக் கரையில் இருக்கிறோம். நடுவில் நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீண்டு, நம் நெகிரி செம்பிலானில் வந்து தணிந்து முடிகிறது. பேராவில் இதன் உச்சியான கோர்பு மலை 2,183 மீட்டர். நம் பக்கத்து அங்சி மலை 825 மீட்டர் அளவுதான்.

ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, நீராவி மழையாக மாறுகிறது. அந்த மழையின் பெரும்பகுதி கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கமே கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரம் குறைந்திருக்கும். இறங்க இறங்கச் சூடேறி இன்னும் உலரும். ஆகையால் கிழக்கே வெள்ளம் என்று தொலைக்காட்சியில் காட்டும் அதே நாளில் லுக்குட்டில் துணி காயப்போட முடிகிறது. ஜெலுபு, கோலப்பிலா வட்டாரம் இன்னும் விசேஷமானது. கிழக்கிலிருந்து வந்தாலும் மேற்கிலிருந்து வந்தாலும் மழைக்காற்று மலைகளைத் தாண்டித்தான் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குப் போகவேண்டும். எனவே நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. மலையடிவாரத்துத் தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது; ஜெலுபுவில் அதில் பாதிகூட இல்லை. இரண்டுமே மலையின் மடியில் இருக்கும் ஊர்கள்!

லுக்குட், போர்ட்டிக்சன், மலாக்கா, மூவார் என்னும் இந்தத் தென்மேற்குக் கடலோரத்திற்கு வானிலைத் துறை தனிக் கணக்கு வைத்திருக்கிறது. மேற்குக் கரையின் மற்ற இடங்களில் ஆண்டுக்கு இரு முறை மழை ஏறி இறங்கும். நம் கடலோரத்தில் அந்த இரட்டை ஏற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. மே முதல் ஆகஸ்டு வரை விடியற்காலையில் சுமாத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று மழை அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. நமக்கு மிகுந்த மழை அக்டோபர், நவம்பர். குறைந்த மழை பிப்ரவரி. ஐப்பசி, கார்த்திகையில் மாலை வேளையில் இடியும் மின்னலுமாகக் கொட்டும். மார்கழியில் அது படிப்படியாகக் குறையும். தைப்பூசம் வரும்போது வானம் வெளுத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது; சராசரி அப்படி.

மலைமேல் குளிர் எவ்வளவு?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் அன்பர்கள் நம்மில் பலர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொது விதி. கடலோரத்தில் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். தானா ராத்தா ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்குப் போட்டால் ஒன்பதரைப் பாகை குறைந்து பதினேழரை வரவேண்டும். அங்குள்ள உண்மையான சராசரி 18-ஐ ஒட்டியே இருக்கிறது. விதி சரியாகவே வேலை செய்கிறது.

நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை. 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. மிக அதிக வெப்பம் 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில். குளிரின் உச்சம் டிசம்பரில் வராமல் பிப்ரவரித் தொடக்கத்தில் வந்திருப்பதைக் கவனியுங்கள். மழையும் மேகமும் இருக்கும்வரை இரவில் வெப்பம் வெளியேறாது. மேகம் போர்வை போல மூடிக்கொள்கிறது. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று உலர்ந்த பிறகுதான் இரவுக் குளிர் இறங்கும். பகல் குளிர்வதற்கு மேகம் வேண்டும். இரவு குளிர்வதற்கு மேகம் விலகவேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் முன்பனிக்காலத்தின் பாதி விளங்கிவிடும்.

பகல் குளிர்ந்ததற்கு எடுத்துக்காட்டு 2018 ஜனவரி. வலுவான குளிர்காற்றுப் பாய்ச்சலும் விடாத மேகமும் மழையும் சேர்ந்து, தீபகற்பத்தின் பல ஊர்களில் வெப்பநிலை 21 முதல் 23 பாகைக்கு இறங்கியது. சமதரையில் இருந்தவர்கள் கம்பளிச் சட்டை தேடினார்கள். ஏழெட்டு நாளில் அது மாறிப்போயிற்று. நம் குளிர்காலம் அவ்வளவுதான். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பள்ளத்தாக்கில் பனி இறங்குவது

மேலே போகப் போகக் குளிர் கூடும் என்று சொன்ன பிறகு, பள்ளத்தாக்கில் அதைவிடக் குளிர்கிறதே என்று ஜெலுபுப் பக்கத்து அன்பர்கள் கேட்கலாம். அவர்கள் கேட்பது சரியே. காற்றில்லாத தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. விடியும் வேளையில் பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவருக்குக் குளிர். சரிவின் நடுவில் வீடு கட்டியிருப்பவருக்கு அதைவிடக் கதகதப்பு. தேங்கிய குளிர்காற்றில் ஈரமிருந்தால் மூடுபனியாகிறது. சூரியன் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனதும் பனி கலைந்துவிடும்.

இதற்கு நல்ல சான்று நீலகிரியில் இருக்கிறது. உதகமண்டலத்தில் உறைபனி விழும் நாட்களில் முதலில் வெள்ளை பூத்து நிற்பவை தாழ்வான இடங்களே. குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி, தலைக்குந்தா போன்ற பள்ளங்கள்தான் செய்தித்தாள் படங்களில் வரும். அதற்கு மேலே இருக்கும் சரிவுகளில் தேயிலை தப்பிவிடுவதும் உண்டு. பள்ளத்துத் தேயிலைக்குத்தான் விவசாயிகள் மூடாக்குப் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கேமரன் மலையில் 1929 முதல் தேயிலை பயிராகிறது. நம் மக்களே பெரும்பாலும் அதில் பாடுபட்டவர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உதகையைப் போன்ற உறைபனித் தொல்லை அங்கே இல்லை.

லுக்குட்டில் குன்றும் பள்ளமும் சிறியவை. ஆயினும் கடலோரத்தை விட்டு ரந்தாவ் பக்கம் உள்ளே போனால், ஓடைக்கரைத் தாழ்நிலங்களில் தை மாத விடியலில் பனி படர்ந்திருப்பதைக் காணலாம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போவது நல்லது.

இந்த விடியல் விஷயத்தில் நம் கடிகாரம் செய்யும் வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. லுக்குட்டின் நெட்டாங்குக் கணக்குப்படி பார்த்தால், நம் கைக்கடிகாரம் சூரியக் கணக்கைவிட 1 மணி 13 நிமிடம் முந்தி ஓடுகிறது. மேலும், டிசம்பரில் சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கிறது. பிப்ரவரியில் ஏழரைக்கு அருகில் போய்விடும். ஆதலால் மார்கழியில் ஐந்து மணிப் பூசைக்கு வருகிறவர் நள்ளிரவின் தொடர்ச்சியில் வருகிறார். குளிரின் உச்சம் அப்போது இன்னும் வரவில்லை. அது சூரிய உதயத்தை ஒட்டி, ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில் வரும். பூசை முடிந்து பொங்கல் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போதுதான் அதிகம் குளிர்கிறது என்று பாட்டிமார்கள் சொல்வதில் பிழையே இல்லை. சால்வையைக் கோயிலுக்குள் மடித்து வைத்திருந்து, வெளியே வரும்போது போர்த்திக்கொள்வதே அறிவுடைமை.

பால் மரத்துக்கு இந்தப் பருவம்

இன்று லுக்குட்டைச் சுற்றிச் செம்பனை பெருகிவிட்டது. ஆனாலும் நம்மில் பலரின் குடும்பத்தை வளர்த்தது பால் மரம். சிலர் இன்றும் சிறுதோட்டம் வைத்திருக்கிறார்கள். மழையோடு பால் மரத்துக்குள்ள உறவை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும்.

விடியுமுன் மரம் வெட்டுவது ஏன்? இரவில் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறைந்து பாலும் குறையும். எனவே குளிர்ந்த, ஈரமான, மழையில்லாத விடியல் பால்வெட்டுக்கு மிகச் சிறந்தது. முன்பனிக்காலத்து விடியல் அப்படிப்பட்டதே. ஆனால் இரவில் மழை பெய்திருந்தால் எல்லாம் கெட்டது. பட்டை நனைந்திருக்கும், பால் வெட்டுக்காய வழியே ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழியும். மங்கில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து வீணாகும். ஈரப்பட்டையில் வெட்டினால் கருங்கோட்டு நோய் தொற்றும். தொற்றிய இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது.

இதனால் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டு நாட்கள் குறைந்தன. வெட்டு நாள் குறைந்தால் கூலி குறைந்தது. பெரட்டுக்கு வந்து, வானத்தைப் பார்த்து நின்று, "இன்றைக்கு வெட்டு இல்லை" என்று தண்டல் சொன்னதும் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய காலை எத்தனை! தீபாவளிக்குக் கடன் வாங்கிய குடும்பம் கார்த்திகை மழையில் அந்தக் கடனை அடைக்க முடியாமல் தவித்ததை நான் செக்ரோல் எழுதும் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். என் மழைப் புத்தகத்தையும் செக்ரோலையும் அருகருகே வைத்தால் ஒன்று ஏற மற்றது இறங்கும். வானிலை என்பது நம் மக்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்காகவே இருந்தது. மழைக்கு முக்காடு போடுவது போல, வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மழைநீரைத் திருப்பிவிடும் முறை பின்னர் வந்தது. செலவு பிடிக்கும் என்றாலும் வெட்டு நாட்களைக் கூட்டித் தந்தது. இப்போது பதிவு செய்த சிறுதோட்டக்காரர்களுக்கு ஆண்டிறுதி மழைக்காலத்தில் ஓர் உதவித்தொகை கிடைக்கிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் ரிஸ்டா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்ததும் அடுத்த சோதனை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் பால் மரம் இலையுதிர்க்கும். பச்சை மரம் சிவந்து, பழுத்து, காடு முழுவதும் மொட்டையாகி நிற்கும். காலடியில் சருகு நொறுங்கும் ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் தளிர் வந்துவிடும். அந்த மாதம் பால் மிகவும் குறையும். தளிர் விடும் நேரத்தில் வானம் உலர்ந்திருக்க வேண்டும். மாறாக விட்டுவிட்டுத் தூறலும் பனியும் இருந்தால் சாம்பல் நோய் தளிரைப் பிடித்து மறுபடி உதிர்த்துவிடும். எனவே தையில் பனி அழகாயிருக்கிறதே என்று நாம் மகிழும்போது, தோட்டக்காரர் தளிரைப் பார்த்துக் கவலைப்படுகிறார்.

மலை காக்காத நாட்கள்

தித்திவங்சா மதில் நம்மைக் காக்கிறது என்று சொன்னதை முழுமையாக நம்பிவிடக் கூடாது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்னும் சூறாவளி, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை அருகில் உருவாகித் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அவ்வளவு அருகில் சூறாவளி வராது என்பதே அதுவரை எல்லாரும் நம்பியது. 2021 டிசம்பர் மத்தியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கிழக்குக் கரையைத் தாண்டி நிலத்தின் மேலேயே மேற்கே வந்தது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கோலாலம்பூரில் கொட்டியது. சிலாங்கூர், பகாங்கோடு நம் நெகிரி செம்பிலானும் பாதிக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை தரும் சுழலே மலையைத் தாண்டி வந்துவிட்டால் மதிலால் பயனில்லை. 2025 நவம்பர் கடைசியிலோ மலாக்கா நீரிணைக்குள்ளேயே சென்யார் என்னும் புயல் உருவாகி வடசுமாத்திராவில் பெருநாசம் விளைவித்தது. நம் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் அதே நீரிணை! ஏறத்தாழ அதே நாட்களில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, மலையகத்தில் மண்சரிவுகளால் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தோட்டத்து லயங்களில் வாழும் நம் உறவுகளும் அதில் அடங்குவர்.

மண்சரிவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் டிசம்பர் விடுமுறையில் மலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங்காலியில் முகாமிட்டு உறங்கியவர்கள் மீது விடியுமுன் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். இரண்டும் கார்த்திகைக் கடைசியும் மார்கழிப் பிறப்புமான நாட்கள். அக்டோபரிலிருந்து பெய்த மழையை மண் வாங்கி வாங்கி, டிசம்பரில் அது நிறைந்திருக்கும். நிறைந்த மண்ணைச் சரித்துவிடச் சிறு மழை போதும். சில சமயம் மழை நின்ற பிறகும் சரியும். "இன்று வெயில் அடிக்கிறதே" என்பது மலைக்குப் போகப் போதுமான காரணம் ஆகாது. முந்தைய பத்து நாட்களில் அங்கே எவ்வளவு பெய்தது என்று கேட்டுப் போக வேண்டும். மலையடியில், ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதை இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். சாலையோரச் சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

ஒரு பருவம் மிதமாக இருக்குமா, கடுமையாக இருக்குமா என்பதை மாதங்களுக்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தால் லா நினா. சூடேறியிருந்தால் எல் நினோ. லா நினா ஆண்டுகளில் நம் பக்கம் மழை கூடும் போக்கு உண்டு. 2020 முதல் 2022 வரை தொடர்ந்து மூன்று ஆண்டிறுதிகள் லா நினாவாக அமைந்தன. எல் நினோ ஆண்டுகளில் மழை குறைந்து வெப்பம் கூடும். 1997-98, 2015-16, 2023-24 ஆண்டுகள் அப்படிப்பட்டவை. மேலே சொன்ன சுப்பிங் வெப்பம் முதல் எல் நினோவில் வந்ததே. ஆனால் பசிபிக் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. சைபீரியக் குளிர் எத்தனை முறை, எவ்வளவு வலுவாகப் பாய்கிறது என்பதும் முக்கியம். அதைச் சில நாட்களுக்கு முன்புதான் சொல்ல முடியும்.

பருவக் கணிப்பில் "சராசரியை ஒட்டிய மழை" என்று இருந்தால் மாதக் கணக்கில் மொத்தம் சராசரி என்றுதான் பொருள். அது ஒரே நாளில் பெய்தாலும் சராசரிதான்! ஆகவே உபயத்துக்கு நாள் குறிக்கும்போது பருவக் கணிப்பையும், உபயத்துக்கு மூன்று நாள் முன்பு அன்றாட அறிவிப்பையும் பார்க்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிற எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் "வாஸ்பாடா", ஆரஞ்சு "புரோக்", சிவப்பு "பஹாயா". கைத்தொலைபேசியில் அத்துறையின் செயலியை வைத்துக்கொள்வது சுலபம். பேரப்பிள்ளைகள் அதைப் போட்டுக் கொடுப்பார்கள்.

பஞ்சாங்கத்தில் மழைக்குறிப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் பஞ்சாங்கத்தை நான் பார்க்கிறேன். லுக்குட் மழைக்குப் பார்ப்பதில்லை. தித்திவங்சா மலையை அறியாத கணக்கு அது.

நம் ஆலயத்துக்கு இதனால் ஆகவேண்டியது

உபயதாரர்களுக்குச் சில யோசனைகள் சொல்லி முடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மாலை நிகழ்ச்சிகளை மண்டபத்துக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கார்த்திகை தீபத்தன்று அகல்களைக் கூரையின் கீழ் வரிசைப்படுத்தினால் காற்றுக்கும் மழைக்கும் தப்பும். அன்னதானத்தை மதியத்தோடு முடித்துவிட்டால் மாலை இடிமழையில் வரிசை கலையாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் வழிகிறது. மண்டபத்துப் பீலிகளையும் கால்வாயையும் புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிட வேண்டும். லுக்குட் ஆற்றில் கடல் பெருக்கு ஏறும் நேரமும் கனமழையும் ஒன்றானால், தாழ்ந்த இடங்களில் நீர் வடியாது நிற்கும். ஆதலால் அரிசி மூட்டைகளையும் ஆவணப் பெட்டிகளையும் அந்த இரு மாதமாவது பலகைமேல் உயர்த்தி வையுங்கள்.

மார்கழி விடியல் பூசைக்கு மழையால் தடை அதிகம் வருவதில்லை. தை, மாசியில் திறந்தவெளி ஊர்வலம் வைக்கலாம். அப்போது தேவைப்படுவது குடிநீரும் பந்தலும்தான். நந்தவனத்துக்கு வில்வமும் வேம்பும் கன்றுகளாக வழங்க விரும்பும் அன்பர்கள் தைப்பூசத்தை ஒட்டிக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. நட்ட இரண்டாவது வாரமே பிப்ரவரி வறட்சி வந்து கன்று வாடிவிடுகிறது. அதே கன்றுகளைத் தீபாவளி முடிந்த கையோடு தந்தால், தைக்குள் வேர் பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றும் வேலையும் அர்ச்சகருக்கு மிச்சம்.